ஓடுகிற கணினியை இரும்புக்கடைக்கு அனுப்பாதீர்கள்: காரைக்குடி வட்டாரக் கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கங்களில் கணினி விற்கிற, பழுது பார்க்கிற கடைக்காரர்களுக்கு,

"விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி இந்தப் பெட்டி எதற்கும் உதவாது" என்று நீங்கள் சொல்லி அனுப்பியவர்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் கையில் உங்கள் கடையின் விலைப்பட்டியல் இருக்கிறது. புதிது வாங்கலாமா என்று கேட்க வருகிறார்கள். சிலர் வாங்கிவிட்டே வருகிறார்கள். வாங்கிவிட்டு வருகிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, காசு போனது போனதுதான். சொல்ல வேண்டியது உங்களிடம் என்பதால் எழுதுகிறேன்.

நான் யார் என்று ஒரு வரி. மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், கோட்டையூரில் இருக்கிறேன். கடை வைத்திருக்கும் உங்களில் சிலர் என் வகுப்பில் பற்று எது, வரவு எது என்று தடுமாறியவர்கள்தான். பள்ளிக்குக் கணினி வந்த புதிதில் அதைத் தொடவே மற்ற ஆசிரியர்கள் தயங்கியபோது நான் தொட்டுவிட்டேன். அன்றிலிருந்து இந்தச் சுற்றுவட்டத்தில் யார் வீட்டுக் கணினி முரண்டு பிடித்தாலும் "டீச்சரைக் கேள்" என்றாகிவிட்டது.

உண்மை எதுவோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. அதற்காக மறுநாள் காலையில் எந்தக் கணினியும் எழுந்திருக்க மறுக்கவில்லை. நின்றது மாதாமாதம் தானாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். அது சின்ன விஷயம் இல்லை. திருத்தம் வராத கணினியில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து என்று நீங்கள் சொன்னால் நானும் தலையாட்டுவேன். ஆனால் அந்த ஆபத்தைத் தீர்க்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. புதுக் கணினி அவற்றில் ஒன்று, இருப்பதிலேயே செலவு பிடித்த ஒன்று. மற்ற வழிகளைப் பற்றி நீங்கள் வாய் திறப்பதில்லை.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. வயது எண்பதை நெருங்குகிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில் அவரும் சமையலுக்கு ஒரு பெண்ணும் மட்டும். வெள்ளிக்கிழமைதோறும் பேரன் வீடியோவில் வருவான். படம் உறைந்து நிற்கிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று உங்களில் ஒருவரை ஆச்சி அழைத்திருக்கிறார். வந்தவர் ஏதோ ஒரு சோதனையை ஓட்டி, "இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது" என்று திரையில் வந்ததைக் காட்டி, "இதனால்தான் ஆச்சி இவ்வளவு மெதுவாக இருக்கிறது" என்றிருக்கிறார். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புது லேப்டாப் ஒன்றை விற்றுவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேரன் புது லேப்டாப்பிலும் உறைந்துதான் நின்றான்.

நான் போனபோது ஆச்சி இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தார். ரூட்டர் முகப்பில், இணைப்புக் கொடுக்க வந்த ஆள் மாட்டிவிட்டுப் போன ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்கள், தேக்குக் கதவுகள். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருந்தது. அதற்கு வேகம் அதிகம், ஆனால் இப்படிப்பட்ட சுவர் ஒன்றிரண்டைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் குறைவு, எட்டும் தூரம் கூடுதல். அழைப்பைத் துண்டிக்காமல் லேப்டாப்பை அப்படியே கையில் ஏந்திக்கொண்டு வளவைக் கடந்து நடந்தேன். நடக்க நடக்கப் பேரன் வாய் அசைய ஆரம்பித்தது. முகப்புக்கு வந்தபோது, "அப்பத்தா, எங்கே போனீர்கள்? டீச்சர் முகம்தான் தெரிகிறது" என்றான். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு லேன் கம்பி இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். புது லேப்டாப் விலையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று உங்களுக்கே தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்க்கிற ஆள், "கணினி மெதுவாக இருக்கிறது" என்ற புகார் வந்ததும் முதலில் ரூட்டர் எங்கே, ஆள் எங்கே உட்காருகிறார் என்று பார்க்க வேண்டாமா?

சரி, அந்தப் பழைய பெட்டிக்கு வருவோம். அதன் பில் ஆச்சியிடம் பத்திரமாக இருந்தது. இந்த ஊரில் பில்லை எறிகிறவர்கள் யார்? 2018-இல் வாங்கியது, ஐ5-8400 பிராசசர், இன்டெல்லின் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசசர்களின் பட்டியலில் அது இருக்கிறது. பிறகு எப்படித் "தகுதியற்றது" என்று வந்தது?

விண்டோஸ் 11 கேட்கும் முக்கியமான ஒன்று டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. அந்தக் காலத்துக் கணினிகளிலேயே இது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. கணினி கிளம்பும்போது உள்ளே நுழைகிற அமைப்புப் பக்கமான பயாஸில், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று பெயர் போட்டிருக்கும். கடையில் சேர்த்து விற்ற பல மதர்போர்டுகளில் அது அணைத்து வைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. உள்ளே போய் அதை இயக்கி, செக்யூர் பூட்டையும் போட்டுவிட்டால், அதே சோதனை "தகுதி உள்ளது" என்று சொல்லும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் அதை ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவியும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. உரிமம் உள்ள விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏறுவதற்கு மைக்ரோசாஃப்ட் காசு கேட்பதில்லை. ஆச்சியின் பெட்டியிலும் இதுதான் கோளாறு என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, பெட்டிதான் போய்விட்டதே. ஆனால் அந்த பிராசசர் இருக்கிற கணினியில் தொழில் தெரிந்தவர் முதலில் பார்க்கிற இடம் அதுதான். பார்த்தீர்களா என்று வந்தவரிடம் போனில் கேட்டேன். "அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வியாபாரம் ஆகுமா மேடம்?" என்றார்.

பழைய வீடு, இனிப் பராமரிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ வளவுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பேச்சும் அந்தத் தரகர்களின் பேச்சைப் போலவே இருக்கிறது. ஒழுகுகிற ஓடு எது என்று பார்க்காமலே வீட்டுக்கு விலை பேசுகிறீர்கள்.

உண்மையிலேயே விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத கணினிகள் நிறையவே இருக்கின்றன, மறுக்கவில்லை. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. ஆனால் அவற்றுக்கும் ஒரு தவணை கொடுக்கப்பட்டிருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனாளர்களுக்கும் திறந்துவிட்டது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான சுட்டி இருக்கிறது. கணினியின் அமைப்புகளை அந்த அக்கவுண்டில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. அது வேண்டாம் என்பவர்கள் மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுக்கலாம், அல்லது 30 டாலர் ஒரே முறை கட்டலாம். கட்டினாலும் ஓர் அக்கவுண்டில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். அண்ணன் தம்பி வீடுகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு மேல் போகாது. இதைத் தவிர, எட்ஜ் உலாவிக்கும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பு உண்டு என்றும் அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது.

இதை நீங்கள் சேர்த்துக்கொடுத்து, உங்கள் நேரத்துக்குக் கூலி வாங்கினால் அது நியாயம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதையே "விண்டோஸ் லைசென்ஸ் நீட்டிப்பு" என்று துண்டுச் சீட்டில் எழுதி, கட்டணமே இல்லாத வழியில் சேர்த்துவிட்டு, கட்டணம் கட்டியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். என் வகுப்பில் இப்படி ஒரு பதிவைப் போட்டால் எத்தனை மதிப்பெண் கொடுப்பேன் என்று என் மாணவர்களுக்குத் தெரியும்.

தகுதியில்லாத கணினியில் வேறு வழியாக விண்டோஸ் 11-ஐப் போட்டுத் தருகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். சோதனைகளைத் தாண்டும்படி தயாரித்த பென் டிரைவ் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. போடலாம், அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு அந்தப் பெட்டிகளுக்குத் தானாக வருவதில்லை. மிகப் பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கிளம்பவே கிளம்பாது. இதையெல்லாம் கணினிக்கு உரியவரிடம் சொல்லிவிட்டா போடுகிறீர்கள்? "11 போட்டாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவரும் இனிப் பயமில்லை என்று நம்பிக்கொண்டு போகிறார்.

திருட்டு விண்டோஸ் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. உரிமம் இல்லாமலே விண்டோஸை ஏற்க வைக்கும் ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக டிஃபெண்டரை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதை மறுபடி போடக்கூட மறந்து போகிறீர்கள். பாதுகாப்பு இல்லை என்று சொல்லிப் பழையதைக் கழித்துவிட்டு, இருந்த ஒரே காவலையும் நீங்களே எடுத்துவிடுவதை என்னவென்று சொல்வது.

என்னை இந்த மடலை எழுத வைத்தது இவை எதுவும் இல்லை. என் கொழுந்தனாருக்கு நடந்தது.

தேவகோட்டையில் இருக்கிறார். சென்ற கோடையில் தன் லேப்டாப்பைக் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 புதிதாகப் போட்டு வாங்கினார். ஃபார்மேட் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து, பிறகு திரும்ப ஏற்றிக் கொடுத்தார்கள். அந்த வேலையைச் சுத்தமாகவே செய்திருந்தார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் இடி இறங்கி, சார்ஜரில் இருந்த லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. அதே கடையில் கொடுத்தார், போர்டை மாற்றினார்கள். திரை வந்தது. வந்த திரை நீலமாக இருந்தது, 48 இலக்க ரெக்கவரி கீயைத் தட்டச்சு செய்யும்படி கேட்டது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி.

கொழுந்தனாருக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது. கடையில் இருந்த பையனுக்கும் தெரியவில்லை. நடந்தது இதுதான்: விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் கேட்கும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, அவருடைய மின்னஞ்சலைக் கேட்டு, அவர் போனுக்கு வரும் எண்ணைக் கேட்டு உள்ளே போவதற்கு நேரம் ஆகும் என்று கடையில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அப்படி அக்கவுண்டோடு புதிதாக நிறுவும்போது, தகுந்த வசதி உள்ள கணினிகளில் விண்டோஸ் 11 டிஸ்க் முழுவதையும் தானாகவே பூட்டிவிடுகிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான கணினிகளில் இது தானாக நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான், லேப்டாப் திருட்டுப் போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி எந்த அக்கவுண்டில் உள்ளே நுழைந்தீர்களோ அந்த அக்கவுண்டுக்குப் போய்ச் சேருகிறது. அதாவது உங்கள் கடை மின்னஞ்சலுக்கு. மதர்போர்டு மாறினாலோ, சில சமயம் பயாஸைப் புதுப்பித்தாலோ கணினி அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் உலகத்தில் எந்தக் கடையிலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

"எந்த மெயில் போட்டோம் என்று தெரியவில்லை சார், பழைய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஃபார்மேட் அடித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த டிஸ்க்கில் கொழுந்தனாரின் சாந்திக் கல்யாணப் படங்கள், அதாவது அறுபதாம் கல்யாணப் படங்கள், இருந்தன. என் மாமியார் கலந்துகொண்ட கடைசி விசேஷம் அது. படம் எடுத்தவர் பென் டிரைவில் கொடுத்ததை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, பென் டிரைவை வேறு எதற்கோ பயன்படுத்திவிட்டார்கள். இரண்டு இடத்தில் வைத்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், பதில் சொல்கிறோம். ஆனால் பூட்டினது யார், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டது யார் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. கொழுந்தனார் கோபப்படவில்லை. அவர் சுபாவம் அப்படி. அவருக்கும் சேர்த்து நான் படுகிறேன்.

ஃபார்மேட் பற்றி இன்னொன்று. இந்த ஊர்களில் கணினி என்பது வீடியோ பார்க்க மட்டும் இல்லை. கோயிலுக்கு வரி கட்டும் குடும்பங்களின் புள்ளிக் கணக்கு, குடும்ப வழிமுறை, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுச் செலவு என்று இருபது வருடக் கோப்புகள் அவற்றில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய காலத்தில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. தமிழக அரசு 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது; அதற்குப் பின்னும் பல வருடம் நம் டைப்பிங் சென்டர்கள் பழையதிலேயே ஓட்டின. நீங்கள் ஃபார்மேட் செய்யும்போது கோப்புகளை மட்டும் நகல் எடுக்கிறீர்கள். எழுத்துரு போய்விடுகிறது. மறுநாள் புள்ளிக் கணக்கைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் முழுக்க இரைந்து கிடக்கிறது. "வைரஸ் அடித்துவிட்டது, கோப்பு கெட்டுவிட்டது" என்று உங்களில் ஒருவர் ஒரு கோயில் காரியக்காரரிடம் சொல்லி, அவரும் நம்பி, புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த எழுத்துருவை மறுபடி நிறுவியதும் எல்லாம் அப்படியே வந்தது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதையும் செய்துகொடுத்தால் இனி எந்தக் கணினியிலும், போனிலும்கூடத் திறக்கும். இதற்குக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள். மனமுவந்து கொடுப்பார்கள்.

எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் பெட்டிகளோடு ஹார்ட் டிஸ்க்கும் போய்விடுகிறது. "அழித்துவிட்டோம்" என்கிறீர்கள். குயிக் ஃபார்மேட் செய்தால் கோப்புகளின் அட்டவணைதான் போகும், கோப்புகள் அங்கேயே இருக்கும். மீட்டெடுக்கும் மென்பொருள் உங்கள் கடையிலேயே இருக்கிறதே. அதில் ஆதார் நகல், பத்திர நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் உண்டு. அந்த டிஸ்க் எந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறது?

ராம் வேறு கதை. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிக்கொண்டே போனது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை வணிகத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அடிமாட்டு விலைக்கு எடுத்த பழைய பெட்டியிலிருந்து கழற்றிய ராம் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று எனக்கும் தெரியும். புதுக் கணினி விலையும் ஏறியிருக்கும் இந்த நேரத்தில், இருப்பதை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் வாடிக்கையாளருக்கு லாபம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டாலே, ஏழெட்டு வருடப் பெட்டி எழுந்து நடக்கும். உங்களுக்குத் தெரியாதா என்ன. உங்கள் கடை பில் போடும் கணினியே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பார்த்தேன்.

விண்டோஸே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. அரசு 2011-இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் ஓரளவு ராம் உள்ளவற்றில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டால் செய்தி படிக்க, மின்னஞ்சல் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய, மின்கட்டணம் கட்டத் தாராளமாக உதவும். உரிமக் கட்டணம் இல்லை, திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. எல்லோருக்கும் இது ஒத்துவராது. டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். பேரனோடு பேச மட்டும் கணினி வைத்திருக்கும் ஆச்சிக்கு ஒத்துவரும். இதை நிறுவத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், கடைகளில்தான் யாரும் பேச்செடுப்பதில்லை.

உங்கள் பக்கமும் கஷ்டம் இருக்கிறது. விற்பனையில் பெரும்பகுதியை இணையக் கடைகள் கொண்டுபோய்விட்டன. பழுது பார்க்க வரும் ஆள் ஐம்பது ரூபாய்க்கும் பேரம் பேசுகிறார். இதையெல்லாம் நான் அறியாதவள் இல்லை. ஆனால் இணையக் கடை வீட்டுக்கு வந்து ரூட்டரை நகர்த்தி வைக்காது, எழுத்துருவைத் தேடித் தராது. அந்த வேலைக்கு உங்களை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை. அந்த நம்பிக்கையை இப்படிச் செலவழிக்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் கேட்பது இவை.

பழுதுக்கு வந்த கணினியை ஏற்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் சீட்டு எழுதிக் கொடுங்கள். கல்யாணத்தையே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதி உறுதி செய்கிற மண்ணில், ஒரு கணினியை எழுத்தில்லாமல் வாங்கி வைப்பது எந்த ஊர் வழக்கம்? பிராசசர் எது, ராம் எவ்வளவு, டிஸ்க் எது, என்ன செய்தீர்கள், எந்த விண்டோஸ் போட்டீர்கள், அதற்கு உரிமம் உண்டா, சோதனையைத் தாண்டிப் போட்டதா என்று அதில் இருக்க வேண்டும். பில் கேட்டால் "ஜிஎஸ்டி கூடும்" என்று பயமுறுத்தாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ ரசீது தராததை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆணையம் சிவகங்கையில் இருக்கிறது. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. தேவைப்பட்டால் கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு போவேன்.

புதிது வாங்கச் சொல்வதற்கு முன், டிபிஎம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிக்கப்பட்ட திருத்தத் திட்டம் இருக்கிறது என்பதையும், எஸ்எஸ்டி மாற்றினால் எவ்வளவு ஆகும் என்பதையும் புதுக் கணினி விலைக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர் புதிதே வாங்கினால் சந்தோஷமாக விற்றுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கணினியின் டிஸ்க்கைக் கழற்றி உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். உப்பிப் போன லேப்டாப் பேட்டரிகளைக் கடைக்குப் பின்னால் குப்பையோடு போடுவதை நிறுத்துங்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் பேட்டரி தெருவில் கிடந்து புகைவது நமக்கு அழகில்லை. 2022 ஆகஸ்டில் இருந்து நடப்பில் இருக்கும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் ஒப்படைக்க வேண்டிய பொருள் அது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து மாதம் ஒரு முறை ஒரே வண்டியில் அனுப்பினால் செலவும் பெரிதாக இருக்காது.

கடைசியாகக் கேட்பது அவசரமானது. சென்ற ஓராண்டில் உங்கள் கடை மின்னஞ்சலைப் போட்டு விண்டோஸ் 11 நிறுவிக் கொடுத்த கணினிகள் இந்தச் சுற்றுவட்டத்தில் எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த இடி வரைதான் தவணை. அந்த மின்னஞ்சல்களில் நுழைந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சாதனங்களின் பக்கத்தில் ரெக்கவரி கீக்கள் வரிசையாக இருக்கும். வாடிக்கையாளர்களின் எண் உங்கள் போனில் இருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவரையும் அழைத்து, கணினியைக் கொண்டுவரச் சொல்லி, அவர்களுடைய சொந்த அக்கவுண்டுக்கு மாற்றிக் கொடுங்கள். 48 இலக்கத்தையும் தாளில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொல்லிக் கையில் கொடுங்கள். இதற்கு மட்டும் கூலி வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கோட்டையூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்